ட்ரெயினர் வாங்கும் முன் பின்சக்கரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதிப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு ட்ரெயினர் (சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, நின்ற இடத்திலேயே மிதிக்க விடும் ஸ்டாண்டு) வாங்கி, இருக்கிற சைக்கிளை மாட்டினால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ரோடு சைக்கிள் என்றால் சரி. என் வீட்டில் நிற்பது எம்டிபி (கரடுமுரடான பாதைக்கான மவுண்டன் பைக்), அதை மாட்டிப் பார்த்தவன் என்கிற முறையில் இதை எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் எங்கள் தெருவில் தண்ணீர் வடியவே நாலு நாள் ஆனது. அப்போதுதான் ட்ரெயினர் வாங்கினேன். 'எல்லா சைக்கிளுக்கும் பொருந்தும் சார்' என்று கடைக்காரர் சொன்னதை நம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் சைக்கிளின் பின் அச்சு இரண்டு பக்கமும் நட்டு போட்டு முறுக்கியது. ட்ரெயினரின் கிண்ணங்கள் கவ்வுவதோ, அதோடு வரும் க்விக் ரிலீஸ் கம்பியின் (அச்சுக்குள் நுழைத்து, கைப்பிடியை மடக்கிச் சக்கரத்தை இறுக்கும் கம்பி) உருண்டை முனைகளை. சாதாரண நட்டில் அவை ஒழுங்காக உட்காராது, எழுந்து நின்று மிதித்தால் சைக்கிளே நழுவும். இதற்கென்றே ட்ரெயினர் நட்டு தனியாகக் கிடைக்கிறது, அச்சின் மரை அளவைப் பார்த்து வாங்க வேண்டும். விலை கூடிய புது எம்டிபிகளில் 12 மி.மீ. த்ரூ ஆக்ஸில் (ஃபிரேமிலேயே மரையில் முறுக்கும் தடித்த அச்சு) வருகிறது, அதற்கு ட்ரெயினருக்கென்று வேறு ஆக்ஸில் வேண்டும். நீளமும் மரையும் ஃபிரேமுக்குப் பொருந்தாவிட்டால் காசு வீண்.

அடுத்தது டயர். பட்டன் பட்டனாகப் புடைத்த எம்டிபி டயரோடு ரோலரில் (டயரை ஒட்டிச் சுழலும் ட்ரெயினரின் உருளையில்) ஓட்டினால் மாவு மில் பக்கத்தில் நிற்பது போல இரைச்சல். அரை மணி நேரத்தில் தரையில் கறுப்பாக ரப்பர் துகள், கூடவே தீய்ந்த வாடை. கீழ் வீட்டுப் பாட்டி மாடியேறி வந்து 'என்னப்பா ஓடுது மேல?' என்று கேட்டார். மறுநாளே 26 அங்குலச் சக்கரத்துக்கு 1.5 அங்குல அகலத்தில் மொழுமொழுவென்ற டயர் ஒன்று வாங்கிப் போட்டேன், அடியில் தடித்த ரப்பர் விரிப்பும் போட்டேன். அப்புறம் பாட்டி வரவில்லை. முடிந்தால் பழைய பின்சக்கரம் ஒன்றைத் தேடி அதில் இந்த டயரை நிரந்தரமாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் டயர் கழற்றுகிற வேலை மிச்சம்.

காற்றை டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டாமல் நன்றாக ஏற்றிக்கொண்டு, ரோலர் டயரைத் தொட்டதும் அதை டயரோடு அழுத்தும் குமிழை இன்னும் இரண்டு சுற்று முறுக்கினேன், எனக்கு அது சரியாக இருந்தது. ரோலரோடு சேர்ந்து சுழலும் கனமான ஃப்ளைவீலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சக்கரத்தைத் தள்ளிப் பாருங்கள், டயர் வழுக்கினால் இன்னும் கொஞ்சம் முறுக்க வேண்டும். காற்று குறைந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும், அதனால் ஏறும் முன் ஒவ்வொரு நாளும் பாருங்கள். முன்பக்க சஸ்பென்ஷனைப் பூட்டிவிடுங்கள், முன்சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் முழு எடையும் கையில் விழும்.

பின்சக்கரத்தையே கழற்றி மாட்டுகிற ட்ரெயினரில் டயர் பிரச்சினை இல்லை, ஆனால் அதன் கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) உங்கள் கியருக்குப் பொருந்துமா என்று கேட்க வேண்டும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் சக்கரம் வெளியே இருக்கும்போது பின் பிரேக்கைத் தெரியாமல்கூட அழுத்தக் கூடாது. டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்வும் பிரேக் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் டிஸ்க்கை உள்ளே நுழைக்க முடியாது. என் நண்பர் இதற்காகவே மெக்கானிக்கிடம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஃபேனும் ஹேண்டில்பாரில் ஒரு துண்டும் கட்டாயம். நம் ஊர்ப் புழுக்கத்தில் சொட்டுகிற வியர்வையின் உப்பு, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் போல்ட்டைத் துருப்பிடிக்க வைத்துவிடும்.

அடுத்த முறை இது பற்றி எழுதும்போது பின் அச்சையும் டயரையும் பற்றி நாலு வரி சேர்த்துப் போடுங்கள். முடிந்தால் அந்த ட்ரெயினர் நட்டின் படத்தையும் போடுங்கள், கடையில் காட்டிக் கேட்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேளச்சேரி, சென்னை