வீட்டில் எங்கே குளிப்பீர்கள் என்று ஒரு தடவை கேளுங்கள்

எடை குறைப்புச் சத்திரசிகிச்சை செய்து எங்களை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும்,

வணக்கம். நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் ஆசிரியை. வயது 43. போன ஜூன் மாதம் கொழும்பில் எனக்கு இரைப்பையைச் சுருக்கும் சத்திரசிகிச்சை நடந்தது. 118 கிலோவோடு போனேன், இப்போது 86. சீனி வருத்தத்துக்குப் போட்ட மாத்திரையில் பாதி நின்றுவிட்டது. இரைப்பையில் ஐந்தில் நான்கு பங்கை எடுத்துவிட்டு, வெளியே ஐந்து சின்னத் தழும்பு மட்டும் விட்டுவைத்த உங்கள் கைகளுக்குக் கும்பிடு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் எழுதுவது அதற்குப் பிறகு வந்த ஆறு வாரத்தைப் பற்றி. குளிப்பதையும் கழுவுவதையும் பற்றி. டீச்சர் இதையெல்லாமா எழுதுவது என்று எங்கள் ஊரில் கேட்பார்கள். கேட்கட்டும்.

மூன்றாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு தாள் தந்தீர்கள். முழுக்க ஆங்கிலம். ஷவரில் குளிக்கலாம், தொட்டியில் ஊறக் கூடாது, நீந்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, காயத்தில் எதுவும் பூசக் கூடாது. எனக்கு வாசிக்கத் தெரியும். பக்கத்துக் கட்டில் அம்மா அதை நாலாக மடித்து மருந்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திலேயே எழுதியாகிவிட்டது. அது கட்டில் வரைக்கும் வந்து சேர இன்னும் எத்தனை வருஷமோ.

சரி, மொழியை விடுங்கள். தமிழில் இருந்திருந்தாலும் அந்தத் தாள் என் வீட்டுக்குப் பொருந்தியிருக்காது. நாங்கள் இருப்பது லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில். அங்கே ஷவரும் இல்லை, தொட்டியும் இல்லை. நீந்துவதற்குக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கா போகப் போகிறேன்? வாசல் திண்ணையான இஸ்தோப்பிலிருந்து 17 படி இறங்கினால் தகரக் கதவு போட்ட ஒரு குளிக்கிற இடம், அதை ஒட்டினாற்போல் கக்கூஸ். குழாயில் வருவது மலைத் தண்ணீர். ஜூன் மாதத்து மழையில் காலையில் அதைத் தொட்டால் விரல் மரத்துப் போகும். அதனால் விறகடுப்பில் சுடவைத்து, வாளியில் ஊற்றி, அந்தப் படியில் இறக்கிக் கொண்டுபோக வேண்டும்.

பாரம் தூக்காதே என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருவது அரிசி மூட்டையும் கொழுந்துக் கூடையும்தான். பத்து லீற்றர் தண்ணீர் என்றால் பத்துக் கிலோ என்பது, கணக்குச் சொல்லிக்கொடுக்கிற எனக்கே படவில்லை. வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் பாதி வாளியைத் தூக்கிக்கொண்டு நாலு படி இறங்கினேன். இடது பக்கத் துளையில் சுரீர் என்றது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தங்கச்சி ஓடி வந்து வாளியைப் பிடுங்கிக்கொண்டு என்னைத் திட்டிய திட்டு லயத்தின் ஆறு காம்பராவுக்கும் கேட்டிருக்கும். "தண்ணீர் வாளியையும் தூக்கக் கூடாது, உங்கள் வீட்டில் யார் தூக்கித் தருவார்கள்?" என்று ஆஸ்பத்திரி விடுதியில் ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

அப்புறம் அம்மா. எங்கள் பக்கத்தில் வயிற்றைக் கிழித்தவர்களும் பிள்ளை பெற்றவர்களும் ஒன்றுதான். பச்சை உடம்பு. தண்ணீர் படக் கூடாது, தலைக்கு ஊற்றவே கூடாது. காயத்துக்கு மஞ்சளைக் குழைத்துத் தேங்காய் எண்ணெயோடு பூச வேண்டும். குளிக்கலாம் என்று டொக்டர் சொன்னார் என்றேன். "அவருக்கென்ன, ஊதக்காற்று அவர் மேலா அடிக்கப் போகிறது?" என்றார் அம்மா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பூசக் கூடாது என்ற அறிவுரையை என்னிடம் சொல்லி என்ன பயன்? மஞ்சள் கிண்ணத்தை வைத்திருப்பவர் அம்மா. துண்டு வெட்டுகிற நேரம் அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, சவர்க்காரத் தண்ணீர் காயத்தின் மேல் ஓடினால் போதும், தேய்க்க வேண்டாம், சுத்தமான துவாயால் ஒற்றி எடுங்கள், ஒட்டியிருக்கும் நாடாவை இழுக்காதீர்கள், தானாக விழும் என்று ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். வெள்ளைக் கோட்டுக்கு அம்மா கொடுக்கிற மரியாதை வேறு.

இனிமேல் எழுதப் போவதுதான் என்னிடம் யாரும் சொல்லாதது, நானும் கேட்க வெட்கப்பட்டது.

கக்கூஸுக்குப் போனால் குந்த முடியவில்லை. குந்தினால் வயிறு முழுக்க நெருக்கும், எழும்பப் பிடிமானம் கிடையாது. முதல் வாரம் அதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். அது எவ்வளவு பெரிய பிழை என்று இப்போது தெரிகிறது. நாளைக்கு ஒன்றரை லீற்றராவது மிடறு மிடறாக உள்ளே போக வேண்டிய காலம் அது. குறைந்ததும் மலம் இறுகி, குந்துவது இன்னும் கொடுமையானது. கடைசியில் தம்பி ஒரு பழைய பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் வாளால் வட்டமாக வெட்டி, ஓரத்தைத் தேய்த்து மழுங்கவைத்துக் குழிக்கு மேலே வைத்தான். அன்றைக்கு அவன் எனக்குச் செய்தது எந்தச் சத்திரசிகிச்சைக்கும் குறைந்ததல்ல.

கழுவுவது அடுத்த சங்கடம். 118 கிலோ உடம்பு, வளைந்தால் வலிக்கிற வயிறு, கை பின்னால் எட்டவில்லை. இரண்டு நாள் அம்மா கழுவிவிட்டார். 43 வயதில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். தோட்டத்து மருத்துவிச்சி அக்காதான் வழி சொன்னார். காலியான சோஸ் போத்தலை நன்றாகக் கழுவி, வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, முன்னாலிருந்து பின்னால் போகிற மாதிரி அமுக்கிப் பீச்சிவிட்டுத் துணியால் ஒற்றிக்கொள்ள வேண்டும். பிரசவமான பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இது. வீட்டில் கிடந்த போத்தல்தான், ஆனால் கொழும்பில் அத்தனை பேர் சுற்றி நின்றும் யாருக்கும் வாயில் வரவில்லை.

அடிவயிற்று மடிப்புக்கு வருகிறேன். எடை கூடியவர்களுக்கு அது எப்போதும் பிரச்சினைதான். மார்புக்குக் கீழே, தொடையிடுக்கில், வயிறு தொங்குகிற இடத்தில் வேர்வை தங்கி, சிவந்து, நாறும். குளிர் நாட்டில் வேர்க்காது என்று நினைக்காதீர்கள். கம்பளிச் சட்டைக்கு மேலே சுவெட்டர் போட்டுப் படுத்துக் கிடப்பவருக்கு மடிப்புக்குள்ளே எப்போதும் கோடைதான். அதோடு தென்மேற்குப் பருவமழை. ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. ஈரம் போகாத உள்ளாடையை அடுப்பு மேலே தொங்கவிட்டுப் புகை வாசத்தோடு போட்டுக்கொள்வோம். மூன்றாவது வாரம் என் மடிப்பு புண்ணாகிவிட்டது. பவுடர் போட்டேன். அது வேர்வையோடு சேர்ந்து மாவாகக் கட்டிப் புண்ணை அதிகமாக்கியது. கடைசியில் கிளினிக்கில் பூஞ்சணத்துக்குக் களிம்பு தந்து, பழைய பருத்தித் துணியை மடித்து இடுக்கில் வைத்து அடிக்கடி மாற்றச் சொன்னீர்கள். அப்பாவின் பழைய வேட்டி அதற்கு உதவியது. துணிகளை ஸ்திரிப்பெட்டியால் தேய்த்து ஈரத்தை விரட்டுவது நானாகக் கண்டுபிடித்தது. எடை இறங்க இறங்கத் தோல் இன்னும் தொய்கிறது, மடிப்பும் கூடுகிறது. அதனால் இது ஆறு வாரத்தோடு முடிகிற வேலை இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாய் நாற்றமும் அப்படித்தான். சாப்பாடு குறைந்து உடம்பு கொழுப்பை எரிக்கும்போது மூச்சு ஒரு மாதிரி வாடை அடிக்கும் என்று தெரியாமல், நாளுக்கு நாலு தடவை பல் தேய்த்து ஈறைப் புண்ணாக்கினேன். மூன்றாம் மாதம் முடி கொத்துக் கொத்தாகச் சீப்பில் வந்தது. மலைத் தண்ணீர் ஒத்துவரவில்லை என்று ஊரே தீர்ப்பு சொன்னது. வேகமாக எடை குறைகிறவர்களுக்கு அது வழக்கம், புரதம் ஒழுங்காகச் சேர்ந்தால் பெரும்பாலும் திரும்ப முளைக்கும் என்று கிளினிக்கில் கேட்டபோதுதான் நீங்கள் சொன்னீர்கள். கேட்காதவர்கள் என்ன செய்வார்கள்?

வெந்நீர்க் குழாய் போட்டுத் தரச் சொல்லி உங்களிடம் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டிய இடம் வேறு, அங்கே எங்கள் தாத்தா காலத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். சத்திரசிகிச்சைக்குத் திகதி குறிக்கிற அன்றைக்கே, சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று எழுதுகிற படிவத்தில் இன்னும் மூன்று கேள்வி சேருங்கள். குளிக்கிற இடம் வீட்டுக்குள்ளா வெளியிலா? கக்கூஸ் குந்துவதா உட்காருவதா? தண்ணீர் சுமந்து தர யார் இருக்கிறார்கள்? அப்போது கேட்டால் கதிரையை வெட்டிவைக்க எங்களுக்கு நேரம் இருக்கும். காயம் சிவந்து பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ கொழும்புக்கு ரயில் பிடித்து வர ஐந்து மணி நேரமாகும். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டுவதற்கு, என்ன செய்தீர்கள் என்று எழுதிய கடிதமும் ஒன்று கையில் தந்து அனுப்புங்கள்.

அடுத்த மாதம் கிளினிக்குக்கு வருகிறேன். மேலே எழுதியதையெல்லாம் ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, போத்தலுக்கும் கதிரைக்கும் படமும் வரைந்து கொண்டுவருவேன். மருத்துவப் பிழை இருந்தால் சிவப்புப் பேனையால் திருத்துங்கள், எனக்குப் பழக்கம்தான். பிறகு அதைப் படி எடுத்துக் கட்டிலுக்கு ஒன்றாக வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருத்தி,
ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து