தண்ணீர்த் தொட்டித் தெரு விளக்குகள்: மூன்றாவது கோரிக்கை மனு

பெறுநர்
நகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: நான்கு மாதமாக எரியாத மூன்று தெருவிளக்குகளைச் சரிசெய்யக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஜூனிலும் ஆகஸ்டிலும் கொடுத்த மனுக்களுக்குப் பதில் இல்லை, ரசீதுகளை இணைத்துள்ளேன். தெரு தாங்கள் அறிந்ததுதான். கால்வாய் தூர்வாரியபோது வேப்பமரத்தடியில் நின்று பார்வையிட்டீர்கள். அங்கிருந்து முப்பது அடி தள்ளி எங்கள் வீடு.

1. என் மகனுக்கு வயது 15. ஃபிரீட்ரிக் அட்டாக்சியா என்னும் பரம்பரை நரம்பு நோய். என் கணவர் எனக்கு அத்தை மகன். எங்கள் இருவரிடமும் வெளியே தெரியாமல் இருந்த மரபணுக் குறை அவனிடம் ஒன்றுசேர்ந்துவிட்டது.

2. நடை தள்ளாடும், பேச்சு குழறும், பாதம் வளைந்து செருப்பு நிற்காது, முதுகும் வளைகிறது. இதயத்தையும் தாக்கும் நோய் என்பதால் வருடாவருடம் எக்கோ எடுக்கிறோம். அதெல்லாம் எங்கள் பாடு.

3. எங்களைக் கொல்வது இருட்டு. கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புகள் அவனுக்குக் கெட்டுவிட்டன. குனிந்து பாதத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அடி வைப்பான். டாக்டர் ஒருமுறை காலைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். மூடியதும் சாய்ந்துவிட்டான், அவரே தாங்கிப் பிடித்தார். ஆறரை மணிக்கு மேல் எங்கள் தெரு தினமும் அவன் கண்ணை மூடுகிறது. பிடிக்கத்தான் ஆள் இல்லை. டியூஷன் விட்டு வரும்போது அந்த முப்பது அடிக்குள் ஐந்து முறை விழுந்திருக்கிறான். கடைசியாக, மூடியில்லாத சாக்கடை ஓரம், முன்பல் போய்விட்டது. எழ முடியாமல் கிடந்தவனை, குடித்திருக்கிறான் என்று ஒருவர் தாண்டிப் போனாராம். பதினைந்து வயதுப் பிள்ளை ஐயா! டார்ச் வாங்கிக் கொடுங்கள் என்கிறார் தங்கள் ஊழியர். ஒரு கை சுவரில், ஒரு கையில் தடி. டார்ச்சை எதில் பிடிப்பான்?

4. கம்பம் இருக்கிறது, ஒயர் இருக்கிறது. ஆடித் தேருக்கு ஒரே ராத்திரியில் ரத வீதி முழுக்க விளக்கு மாட்டினீர்களே, எங்களுக்கு மூன்று பல்பு இல்லையா? இன்னும் சில வருடத்தில் சக்கர நாற்காலிதான் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரையாவது அவன் நடக்கட்டும்.

5. விளக்கு வேண்டும் ஐயா. மூன்றும் உடனே முடியாதென்றால், வேப்பமரத்தடிக் கம்பத்தை மட்டுமாவது இந்த வாரத்துக்குள் எரியவிடும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவன் தாய்
(பெயர், முகவரி, மருத்துவச் சான்று தனித்தாளில்)