மாநாட்டு மேடையில் மரியாதை

ஐயா, கட்சி மாநாடுகளில் பேச்சின் தரம் தாழ்ந்து வருவது குறித்துத் தாங்கள் எழுதிய தலையங்கத்தைப் படித்தேன். முழுமையாக உடன்படுகிறேன். காரசாரமாகப் பேசட்டும், அது அரசியலுக்கு வேண்டியதுதான். ஆனால் எதிர்க்கட்சித் தலைவரை 'அவன், இவன்' என்று ஒருமையில் அழைத்தால்தான் கைதட்டல் விழும் என்ற நினைப்பு வேரூன்றிவிட்டது. அண்மையில் ஊர்க்காரர்களோடு வேனில் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் கண்மாய்களைத் தூர்வாருவது பற்றி யாராவது பேசுவார்கள் என்று ராத்திரி பத்து மணி வரை காத்திருந்தேன். ஒரு வார்த்தை இல்லை. திரும்பி வரும்போது, கொடியை மடியில் வைத்திருந்த பத்து வயதுப் பையன் மேடையில் கேட்ட வசவை அப்படியே சொல்லிச் சிரித்தான். மனம் பதைத்துவிட்டது. சின்னப் பிள்ளையையும் 'வாங்க' என்று அழைக்கிற வீடுகள் உள்ள பகுதி இது.

1939இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசன் பின்னாளில், பொதுவுடைமையை எதிர்த்த ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்காரர். அவர் நடத்திய கம்பன் விழாவில் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பேசினார். கொள்கையில் எதிரெதிர் துருவங்கள். மரியாதையில் குறை வைத்ததில்லை. கட்சிகள் ஒன்று செய்யலாம்: மேடையில் ஒருமையில் பேசுவோரின் ஒலிபெருக்கியை அந்த இடத்திலேயே நிறுத்த, மாநாட்டுத் தலைவருக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும். அப்புறம், தங்களைப் போன்ற நாளிதழ்களும் வசவைத் தலைப்பாக்காமல் மாநாட்டுத் தீர்மானங்களை முழுமையாக வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர், கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்