‘பாசிட்டிவ்’ என்றால் எந்த டிரிஸ்டெசா?

பெரியகுளம்

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதமும் கூட வைத்திருந்த இரண்டு பரிசோதனைத் தாள்களும் கிடைத்தன. பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கட்டும். தோட்ட விஷயத்தை விரிவாக எழுத வேண்டியிருந்ததால் பதில் ஒரு வாரம் தள்ளிப்போய்விட்டது.

நீ கேட்டது இதுதான். மேட்டுத் தோட்டம், பள்ளத் தோட்டம் இரண்டிலும் எலுமிச்சை. இரண்டுக்கும் எலைசா சோதனையில் (எதிர்ப்பொருள் வைத்து வைரஸைப் பிடிக்கும் சோதனை) டிரிஸ்டெசா வைரஸ் ‘பாசிட்டிவ்’. மேட்டில் மரம் தழைத்துக் காய்க்கிறது. பள்ளத்தில் இலை சிறுத்துக் கிண்ணம் போல் மடங்குகிறது, நுனிக்குச்சி காய்கிறது, பட்டையை உரித்தால் கட்டையில் நீள நீளமாகக் குழி. ஒரே வைரஸ் எப்படி இரண்டு விதமாக நடந்துகொள்ளும்?

அது ஒரே வைரஸ் இல்லை, செல்வராஜ். எலைசா தாள் சொல்வது வீட்டுக்குள் ஆள் இருக்கிறது என்பதை மட்டும்தான். யார், எத்தனை பேர் என்பது அதில் வராது. டிரிஸ்டெசாவில் முடிவைத் தீர்மானிப்பது அந்த ‘யார்’தான்.

இதன் மரபணு ஓர் ஒற்றை இழை ஆர்என்ஏ, சுமார் 19,300 எழுத்து (நியூக்ளியோடைடு) நீளம். புகையிலைத் தேமல் வைரஸைப் போல மூன்று மடங்கு. செடிகளைத் தாக்கும் ஆர்என்ஏ வைரஸ்களில் இவ்வளவு நீளமானவை மிகச் சில. நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் வேலை தெரியாது. பத்தாயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் தவறு விழுந்தாலும் ஒவ்வொரு நகலிலும் ஒன்றிரண்டு எழுத்து மாறியிருக்கும். அதனால் ஒரு மரத்தின் பட்டைக்குள் இருப்பது ஒரு பெருங்கூட்டம்.

இதை வைத்து வைரஸ் நாளுக்கு நாள் உருமாறிக்கொண்டே போகிறது என்று முடிவுகட்டிவிடாதே. ஸ்பெயினில் எடுத்த டி385 மாதிரியையும் ஃப்ளோரிடாவில் எடுத்த டி30 மாதிரியையும் முழு நீளத்துக்கு வாசித்து 2000இல் வெளியிட்டார்கள். கடல் கடந்து, பல பத்தாண்டுகள் பிரிந்திருந்த இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. பிழை விழுகிறது, ஆனால் பிழை விழுந்த நகல் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆகவே உன் இரண்டு தோட்டத்து வேறுபாடு நேற்று உண்டானதாக இருக்க வாய்ப்பு குறைவு. எப்போதோ பிரிந்துபோன பழைய வகைகள் குச்சியோடும் நாற்றோடும் அசுவினியோடும் ஊர் ஊராக வந்து ஒரே மரத்துக்குள் சேர்ந்துவிடுகின்றன. சேர்ந்தபின் ஒன்றின் துண்டு மற்றொன்றோடு ஒட்டிப் புதுக் கலப்பும் உண்டாகிறது. பெங்களூரில் எடுத்த பி165 என்ற மாதிரியை 2010இல் அப்படிப்பட்ட ஒரு புதுவகைக் கலப்பு என்றுதான் விவரித்தார்கள். காலிம்போங் ஆரஞ்சில் எடுத்த கேபிஜி3 என்ற மாதிரி, விடி என்ற பழைய வகையை ஒட்டி நிற்கிறது. நம் நாட்டுக்குள்ளேயே இவ்வளவு விரிவு.

நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய வகைப் பெயர்கள்: டி30, டி36, விடி, டி3, டி68, ஆர்பி. டி30 மென்மையானது. டி36 புளிப்பு ஆரஞ்சு வேர்ச்செடி (ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் செடி) மேல் நிற்கும் மரத்தைச் சீக்கிரம் சாகடிப்பதில் பேர் வாங்கியது. விடி, டி3 குழுக்களில் தண்டுக்குழி (உன் பள்ளத் தோட்டத்துக் கட்டையில் இருக்கும் அந்தக் குழி) உண்டாக்கும் கடுமையான மாதிரிகள் பல உண்டு. ஆனால் குழுப் பெயரே குணத்தைச் சொல்லிவிடாது. ஒரே குழுவுக்குள் மென்மையும் கடுமையும் கலந்திருக்கும்.

வேறுபாடு மரபணு நெடுகச் சமமாகப் பரவியிருக்கவில்லை. இதைப் புரிந்துகொண்டால் சோதனைத் தாளை வாசிப்பது சுலபம். டி36ஐயும் விடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பின்பாதி 90 சதவீதத்தை ஒட்டி ஒத்துப்போகும். முன்பாதியில் அது 70ஐ ஒட்டி இறங்கிவிடும். வைரஸைப் போர்த்தும் மேலுறைப் புரத மரபணு பின்பாதியில் இருக்கிறது, 672 எழுத்து. அது எல்லா வகையிலும் நெருக்கமாக இருப்பதால் ‘இருக்கிறதா, இல்லையா’ என்ற கேள்விக்கு அருமையான இலக்கு. வகை பிரிக்க அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். பின்பாதி ஒரு வகையிலும் முன்பாதி வேறு வகையிலும் இருக்கும் கலப்பு மரபணு, மேலுறை மரபணுவை மட்டும் வாசிப்பவர் கண்ணுக்குப் பின்பாதியின் வகையாகவே தெரியும். ஆய்வகத்தில் கேட்கும்போது முன்பாதியில் குறைந்தது இரண்டு இடத்திலாவது வகைக்குரிய ப்ரைமர் (அந்த வகையின் மரபணுவோடு ஒட்டும் சிறு துண்டு) வைத்து ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவை நகலெடுத்துப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) செய்யச் சொல். அந்த ப்ரைமர்கள் தெரிந்த வகைகளுக்காகத் தயாரித்தவை. எல்லாவற்றிலும் ‘இல்லை’ என்று வந்து பொது சோதனையில் மட்டும் ‘உண்டு’ என்று வந்தால் அந்த மரத்தில் புதுவகை இருக்கலாம். அதைத் தனியாக எடுத்து முழு வரிசை வாசிக்க அனுப்ப வேண்டும்.

எம்சிஏ13 என்ற ஒற்றைவகை எதிர்ப்பொருள் பற்றியும் கேட்டிருந்தாய். அது கடுமையான மாதிரிகள் பெரும்பாலானவற்றைப் பிடிக்கும், டி30 போன்ற மென்மையானவற்றை விட்டுவிடும். காரணம் மேலுறைப் புரதத்தின் 124ஆம் இடத்தில் இருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம். அங்கே ஃபினைல்அலனின் இருந்தால் ஒட்டும், டைரோசின் இருந்தால் ஒட்டாது. அந்த ஓர் எழுத்து நோயை உண்டாக்குவதில்லை, அடையாளமாக மட்டும் நிற்கிறது. ஆகவே இதைச் சலித்தெடுக்கும் முதல் சல்லடையாக வைத்துக்கொள், தீர்ப்பாக வைத்துக்கொள்ளாதே. கலவையில் கொஞ்சம் கடுமையான வகை இருந்தாலும் ‘உண்டு’ என்றுதான் காட்டும். எந்த அளவு என்று காட்டாது.

சாம்பிள் எடுப்பதில்தான் பாதி தோல்வி நடக்கிறது. இந்த வைரஸ் பட்டையின் உணவுக்குழாய்த் திசுவுக்குள் மட்டும் வாழும், மரம் முழுக்க ஒரே சீராகவும் இருக்காது. ஒரு கிளையில் ஒரு வகை, எதிர்க்கிளையில் இரண்டு வகை என்பது சகஜம். மரத்தின் நான்கு பக்கமும் ஒவ்வொரு குச்சி எடு. மிக இளந்துளிர் வேண்டாம், முற்றிய குச்சியும் வேண்டாம். இலை விரிந்து முடிந்த, இன்னும் பச்சையான ஒரு சாண் குச்சி போதும். இலைப்பரப்பு உதவாது, காம்பும் நடுநரம்பும் இளம்பட்டையும்தான் பயன்படும், அரை கிராம் இருந்தால் சோதனைக்குப் போதும். ஈரத்தாளில் சுற்றி, பாலித்தீன் உறையில் போட்டு, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் ஜெல்லோடு வை. குச்சி ஜெல்லை நேரே தொட்டு உறைந்துவிடக் கூடாது. கோடையில் எடுக்காதே. வெப்பம் 35ஐத் தாண்டும்போது வைரஸ் அளவு குறைந்து, இருக்கும் நோயும் ‘இல்லை’ என்று வரும். கார்த்திகையிலிருந்து மாசிக்குள் எடுத்துவிடு. இன்னொன்று: ‘இருக்கிறதா’ என்று பார்க்க ஐந்து மரத்தைச் சேர்த்து அரைக்கலாம். வகை பார்க்கும்போது சேர்க்கவே கூடாது. எந்த மரத்தில் எந்தக் கலவை என்பதுதானே நமக்கு வேண்டும்.

ஆய்வகத் தாளுக்கு மேல் நான் நம்புவது செடிச் சோதனையைத்தான். நம் எலுமிச்சையே உலகம் முழுக்க இதற்குக் காட்டிச் செடி, அதாவது நோயைக் காட்டிக்கொடுக்கும் செடி. விதையில் வளர்த்த நாற்றுகள் ஒவ்வொரு மரத்துக்கும் நான்கு, பூச்சி நுழையாத வலைக்கூடத்தில். ஒவ்வொரு நாற்றிலும் சந்தேக மரத்தின் பட்டைத் துண்டு இரண்டை ஒட்டுக் கட்டி, மூன்று வாரம் கழித்து ஒட்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே வெட்டிவிடு. புதுத்துளிரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நரம்பு விட்டுவிட்டு வெளுத்துத் தெரியும். அது சில வாரத்திலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் வரும். தண்டுக்குழி பார்க்க ஒரு வருஷமாவது காத்திருக்க வேண்டும். தண்டை நீராவியில் வேக வைத்தால் பட்டை சுத்தமாக உரியும், குழியை எண்ணலாம். ஒட்டுக் கட்டாத நாற்று நான்கும், வைரஸ் உறுதியான மரத்திலிருந்து கட்டிய நாற்று நான்கும் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. 24 முதல் 28 டிகிரிக்குள் இருக்கும் இடம் வேண்டும். புளியங்குடி வெயிலில் அறிகுறி மங்கிவிடும். தாண்டிக்குடி மலைப் பக்கம் இடம் கிடைத்தால் அங்கே வை.

அசுவினிக்கு வருகிறேன். கரும்பழுப்பு நிற எலுமிச்சை அசுவினிதான் இதைப் பரப்புவதில் முதல் ஆள். பருத்தி அசுவினியும் பரப்பும், திறன் பல மடங்கு குறைவு. சில நிமிடம் உறிஞ்சினாலே தொற்றிக்கொள்ளும், சில மணி நேரம் உறிஞ்சினால் இன்னும் உறுதி. இரண்டு நாளுக்குள் அதன் வாயிலிருந்து வைரஸ் போய்விடும். ஒரு அசுவினி மரத்திலிருக்கும் முழுக் கலவையையும் சுமந்து போவதில்லை, அதில் ஒரு பிடியைத்தான் எடுத்துப் போகிறது. அதனால் மென்மையாகத் தெரிந்த மரத்திலிருந்து கடுமையான வகை மட்டும் பிரிந்து பக்கத்து மரத்தில் ஏறிவிட முடியும். உன் மேட்டுத் தோட்டத்தை ‘பாதுகாப்பான மூலம்’ என்று நினைத்துக் குச்சி வெட்டப் போகிறாய் என்றால் இதை யோசித்துக்கொள். மருந்தடித்தால் தோட்டத்துக்குள் கூட்டம் பெருகுவது குறையும். வெளியிலிருந்து பறந்து வரும் அசுவினி மருந்தில் சாவதற்குள் ஊசியைக் குத்திவிட்டிருக்கும்.

மென்மையான வகையை முன்கூட்டியே ஏற்றிய நாற்று வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். யோசனை பழையது, நல்லது. பிரேசிலில் பேரா ஆரஞ்சு இதனால்தான் பிழைத்தது. நம் பக்கத்தில் 1970களில் பெங்களூரில் பாலராமனும் ராமகிருஷ்ணனும் எலுமிச்சையில் இதைச் செய்து பார்த்தார்கள். ஆனால் எல்லா இடத்திலும் பலிக்கவில்லை, காரணம் 2010க்குப் பின்தான் தெளிவானது. முதலில் குடியேறிய வகை, தன் சொந்த வகையைச் சேர்ந்த இரண்டாவது வைரஸை மட்டுமே தடுக்கும். டி30 ஏறிய மரத்துக்குள் விடி தாராளமாக நுழையும். தடுப்பது செடியின் எதிர்ப்பு சக்தி என்று நாம் நினைத்திருந்தோம். வைரஸின் பி33 என்ற புரதம் இல்லாமல் இந்தத் தடுப்பு நடப்பதே இல்லை. தென்னாப்பிரிக்காவில் கிரேப்ஃப்ரூட்டுக்குப் பாதுகாப்பாகக் கொடுத்த ஜிஎஃப்எம்எஸ்12 என்ற மூலமே பல வகைகளின் கலவை என்று பின்னால் தெரிய வந்தது. ஆகவே நாற்று விற்பவரிடம் இரண்டு கேள்வி கேள்: ஏற்றியிருப்பது எந்த வகை, உன் வட்டாரத்தில் சுற்றும் கடுமையான மாதிரியை எதிர்த்து அது சோதிக்கப்பட்டதா. பதில் இல்லையென்றால் சாதாரண விதை நாற்றே மேல். இந்த வைரஸ் விதை வழியே போவதில்லை, எலுமிச்சை விதையிலிருந்து வரும் நாற்றில் பெரும்பாலும் தாயின் அச்சே கிடைக்கும். நல்ல தாய்மரத்து விதையை எடுத்து, 40 கண் வலைக்கு அடியில் வளர்த்து, அசுவினி ஏறுமுன் நட்டால் முதல் சில வருஷத்தைக் காப்பாற்றிவிடலாம். இளமையில் பிடித்தால்தான் சேதம் அதிகம்.

சாத்துக்குடிக்கு மூவிலை ஆரஞ்சு வேர்ச்செடி ‘டிரிஸ்டெசா வராத ஜாதி’ என்று சொன்னார்களாமே. பெரும்பாலான வகைகளுக்கு அது உண்மை. நியூசிலாந்தில் அதையும் தாண்டி மூவிலைச் செடிக்குள்ளேயே பெருகும் ஒரு வகையை 2010இல் விவரித்தார்கள். ஆர்பி (resistance-breaking, எதிர்ப்பை உடைப்பது) என்ற பெயர் அதனால் வந்தது. வேர்ச்செடி எதிர்த்தாலும் மேலே ஒட்டிய சாத்துக்குடிக்குள் வைரஸ் வாழத்தான் செய்யும். வேர்ச்செடியை மாற்றுவது தீர்ப்பது இதே வைரஸ் உண்டாக்கும் வேறொரு நோயை. புளிப்பு ஆரஞ்சு மேல் ஒட்டிய மரத்தில் ஒட்டுக்குக் கீழே உணவுக்குழாய் அழுகி, மாவுச்சத்து வேருக்கு இறங்காமல், வேர் பட்டினியில் சாகும். ஸ்பெயினில் 1957இல் தொடங்கி நான்கு கோடிக்கு மேல் மரம் போனது இப்படித்தான். நாம் ஜம்பேரியிலும் ரங்பூர் எலுமிச்சையிலும் ஒட்டுவதால் அந்தச் சாவு நமக்கு இல்லை. தண்டுக்குழி எந்த வேர்ச்செடி வைத்தாலும் வரும்.

பள்ளத் தோட்டத்தை இப்போதே பிடுங்கிவிடாதே. குழி கண்ணால் பார்த்த மரங்களை மட்டும் எண் போட்டு ஒதுக்கு, அவற்றிலிருந்து குச்சியும் பதியனும் எடுக்காதே. மற்ற மரங்களில் நீர் தேங்கி வேரழுகல் இருக்கிறதா என்று தோண்டிப் பார். சிறுவேர் தடித்து மண் ஒட்டிக்கொண்டிருந்தால் நூற்புழுவாக இருக்கலாம். இலை மஞ்சளுக்குத் துத்தநாகக் குறையும் காரணமாகலாம். பசுமை நோயும் அப்படியே காட்டும், அது பாக்டீரியா, வேறு சோதனை. வாடும் ஒவ்வொரு மரத்தையும் டிரிஸ்டெசா கணக்கில் எழுதினால் சரிசெய்யக்கூடிய மரத்தையும் சேர்த்து இழப்போம்.

மேட்டில் பத்து, பள்ளத்தில் பத்து மரம் தேர்ந்தெடு. பள்ளத்துப் பத்தில் நன்றாக இருப்பவை குறைந்தது மூன்று இருக்கட்டும், மேட்டில் சுமாரானவை மூன்று. அப்போதுதான் வகையும் மரத்தின் நிலையும் பொருந்துகிறதா என்று சொல்ல முடியும். அனுப்புகிற நாளை முன்னாலேயே எழுது. செவ்வாய் காலை வெட்டி அன்றே ஏற்றிவிட்டால் வியாழனுக்குள் கையில் கிடைக்கும். வெள்ளியில் ஏற்றினால் ஞாயிறு முழுக்கக் கிட்டங்கியில் வெந்துபோகும்.

அன்புடன்,
ராமசாமி