மைதானத்துக்கும் அடிக்கட்டும் தண்ணீர் மணி

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்று பள்ளிகளில் மணி அடிக்கும் ஏற்பாடு 2025-இல் தமிழகத்தில் வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்த மணி வகுப்பறைக்குத்தான் அடிக்கிறது. அதிகம் வியர்ப்பவர்கள் மைதானத்தில் அல்லவா நிற்கிறார்கள்? எப்போது, எவ்வளவு, எந்தத் தண்ணீர் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டிய உடற்கல்வி ஆசிரியருக்கு அதை முறையாகச் சொல்லித்தர ஆளில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலையைப் பார்த்தவன் என்பதால் கூச்சத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

"ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்." என் ஆசிரியர் எனக்குச் சொன்னது இது, நானும் அப்படியே என் மாணவர்களுக்குச் சொன்னேன். பயிற்சி முடிவதற்குள் குழாய்ப் பக்கம் ஒதுங்கியவனை விசில் ஊதித் திருப்பி அழைத்திருக்கிறேன். படிப்பில் உடலியங்கியல் என்று ஒரு தாள் இருந்தது, எழுதினோம், மறந்தோம். பிறகு எனக்குக் கிடைத்த பணியிடைப் பயிற்சிகளெல்லாம் ஆடுகள அளவுகளும் விதி மாற்றங்களும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் குறுவட்டப் போட்டி ஒன்றில் நேரம் குறிக்கப் போயிருந்தேன். காலையில் நடக்க வேண்டிய 1,500 மீட்டர் ஓட்டம், விருந்தினர் வரத் தாமதமானதால் உச்சிவெயிலுக்குத் தள்ளிப்போனது. மூன்றாவது சுற்றில் ஒரு மாணவி தள்ளாடி விழுந்தாள். அரை மயக்கத்தில் கிடந்தவளின் வாயில் ஒருவர் தண்ணீர் ஊற்றினார். அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கியிருந்தால்? நிழலுக்குத் தூக்கிப்போய், உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஈரத்துணியோடு ஓடிவந்தவர் சத்துணவு ஆயாதான். மாணவி தேறிவிட்டாள், எங்கள் சாமர்த்தியத்தால் அல்ல.

கற்றுக்கொள்ள வேண்டியது மலையளவு இல்லை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2007-இல் வெளியிட்ட அறிக்கையின் சாரம், உழைப்பின்போது உடல் எடை 2 சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதே. 40 கிலோ மாணவிக்கு அது 800 கிராம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் போதும். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறாள் என்று பொருள், அதுவும் ஆபத்துதான், ரத்தத்தில் உள்ள சோடியம் என்ற உப்புச் சத்து நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு சோடியம் குறைந்திருந்தது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். நம் வீட்டு உப்புப் போட்ட நீர்மோர் அந்த வகையில் ஒருபடி மேல். உலக சுகாதார அமைப்பு சொன்ன உப்பு, சர்க்கரை அளவுப்படி இல்லாத பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் ஆசிரியர்களில் எத்தனை பேருக்கு இது எட்டியிருக்கும்?

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு இன்னொன்றும் உண்டு. வேறு மாவட்டத்துப் பயிற்சியாளர் "நிறையத் தண்ணீர் குடி" என்று சொல்லிவிட்டு நகரலாம். இங்கே எந்தத் தண்ணீர் என்றும் சொல்லியாக வேண்டும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு கூடாது என்பது வரம்பு. அதைத் தாண்டிய நிலத்தடி நீரால் பல் கறுத்தவர்களும் மூட்டு மடக்க முடியாதவர்களும் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் நான் பார்த்த பல மைதானங்களின் ஓரத்தில் இருப்பது ஆழ்துளைக் கிணற்றுக் குழாய். வகுப்பில் இருப்பவன் ஒரு லிட்டர் குடிக்கிறான் என்றால் ஓடுபவன் மூன்று லிட்டர் குடிக்கிறான். உள்ளே போகும் ஃபுளோரைடும் மூன்று மடங்கு. பல்லில் கறை விழுவது சிறு வயதோடு சரி, எலும்பில் படிவது வயது பார்ப்பதில்லை. கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொதிக்கும்போது நீர்தான் ஆவியாகிறது, ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கிவிடுகிறது.

பொது சுகாதாரத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் சேர்ந்து, ஆண்டுதோறும் கோடைக்கு முன் இரண்டு மாவட்ட உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி நடத்தலாம். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-இல் அறிவித்த அரசுக்கு இது பெரிய செலவல்ல. கற்றுத்தர தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முதல் நாள், மயங்கியவருக்குச் செய்ய வேண்டிய முதலுதவி. மறுநாள், அவரவர் பள்ளி மைதானக் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி அங்கேயே பரிசோதித்துக் காட்டட்டும்.

ஓய்வுபெற்றவன் என்று தள்ளாமல் எனக்கும் ஓர் இடம் கொடுத்தால், கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். பாட்டிலோடு வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.