வெள்ளிக்கிழமை விரதமும் யாயாவின் அல்வாவும்

கிளேட்டன், மெல்போர்ன்
23.03.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ, அப்பா, ஆச்சி, தம்பி எல்லோரும் நலம்தானே? போன் பண்ணினால் "சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டே" என்றுதான் ஆரம்பிக்கிறாய். நான் சொல்லி முடிப்பதற்குள் தம்பி போனைப் பிடுங்கிக்கொள்கிறான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் இரண்டாவது நிறுத்தம் ஓக்லீ. கிரேக்கர்கள் நிறைய இருக்கும் இடம். ஸ்டேஷன் பக்கத்திலேயே ஈட்டன் மால் என்று வண்டி போகாத ஒரு தெரு உண்டு, அங்கே தாத்தாமார்கள் காபியும் பேச்சுமாக மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. அப்பா அடுப்படியில், அம்மா கல்லாவில், பரிமாறுவது மகன். ஓரத்து மேசையில் பாட்டி உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருப்பார். வயது 82.

மார்ச் 7-ஆம் தேதி கூடப் படிக்கிற பெண் என்னை அங்கே கூட்டிப்போனாள். வெள்ளிக்கிழமை. நான் இங்கே வந்தும் வெள்ளிக்கிழமை கவுச்சி தொடுவதில்லை, அது உனக்கே தெரியும். ஆனால் அதை இங்கே விளக்கிச் சொல்வது பெரும்பாடு. "சைவமா? அப்புறம் ஏன் போன வாரம் கோழி சாப்பிட்டாய்?" என்பார்கள். அன்றும் அந்தப் பையனிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்: இன்றைக்கு மட்டும் கறி, மீன், முட்டை வேண்டாம், சாமிக்காக.

அவன் திரும்பிப் பாட்டியிடம் கிரேக்கத்தில் ஏதோ சொன்னான். பாட்டி கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நிஸ்திசிமோ?" என்றார். விரதச் சாப்பாடு என்று அர்த்தமாம். அம்மா, அவர்களுக்கும் வருஷம் முழுக்கப் புதனும் வெள்ளியும் விரதம்! அதோடு ஈஸ்டருக்கு முந்தைய பெரிய விரதம் மார்ச் 3-ஆம் தேதிதான் தொடங்கியிருந்தது. கறி, மீன், முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. இறாலும் கணவாயும் மட்டும் சாப்பிடலாம், அவற்றுக்கு ரத்தம் இல்லை என்பது அவர்கள் கணக்கு. வந்த நாளிலிருந்து முதல் தடவையாக நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் ஒவ்வொரு தட்டாக வந்தது. திராட்சை இலையில் சோற்றைச் சுருட்டி வேகவைத்த தோல்மாதெஸ். உள்ளே புதினாவும் சதகுப்பைத் தழையும், மேலே எலுமிச்சைச் சாறு. கறி வைக்காத இதை 'யலாஞ்சி' என்கிறார்கள், துருக்கி மொழியில் அதற்குப் 'போலி' என்று அர்த்தமாம். மஞ்சள் பட்டாணிப் பருப்பை மசித்து, பச்சை வெங்காயம் தூவி, ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ஃபாவா. நம் பருப்புக் கடைசல்தான், தாளிப்பு மட்டும் இல்லை. மொச்சையைவிடப் பெரிய வெள்ளை பீன்ஸைத் தக்காளியோடு அடுப்பில் சுட்டிருந்தார்கள். கீரையை வெறுமனே வேகவைத்து எலுமிச்சை பிழிகிறார்கள், அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கடையாத கீரை என்ன கீரை? மிளகாய் எதிலும் இல்லை. ஆனாலும் வயிறு நிறைந்தது.

கடைசியில் பையன், "ஹல்வாஸ் கொண்டு வரவா?" என்றான். திருநெல்வேலிக்காரி நான், நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். வந்ததைப் பார்த்தால் நம் ரவா கேசரி! கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்து, மேலே பட்டைத் தூள் தூவியிருந்தது. நெய்யே கிடையாது, முழுக்க எண்ணெய்.

போன வாரம் அதைக் கிண்டும்போது பார்க்க யாயா என்னை அடுப்படிக்கே கூப்பிட்டார். யாயா என்றால் ஆச்சி, இப்போது நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று விரலை மடக்கிக் காட்டினார். எண்ணெய் ஒரு பங்கு, ரவை இரண்டு, சர்க்கரை மூன்று, தண்ணீர் நாலு. நீ ரவையைச் சிவக்க விடமாட்டாய், அவரோ முந்திரி நிறத்துக்கு வரும்வரை வறுக்கிறார். பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டுக் கொதித்த பாகை ஊற்றியதும் சட்டி சீறிக்கொண்டு பொங்கியது. ஒரு கையால் என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, மறு கையால் கிண்டுவதை நிறுத்தவே இல்லை. ஆச்சி பணியாரம் சுடும்போது என்னைத் தள்ளுவாளே, அதே தள்ளல்.

அவர் ஊர் கிரேக்கத்தில் கலமாத்தா பக்கத்துக் கிராமம். உலகப் போர், அதன் பின்னாலேயே உள்நாட்டுப் போர் என்று நாடே நொடிந்து கிடந்த காலம் அது. 1952-இல் ஆஸ்திரேலியாவும் கிரேக்கமும் ஒப்பந்தம் போட்ட பிறகு ஆயிரக்கணக்கில் கப்பலேறியிருக்கிறார்கள். இவர் 1962-இல், 19 வயதில், 'பாத்ரிஸ்' என்ற கப்பலில் வந்து ஸ்டேஷன் பியர் துறையில் இறங்கினாராம். பாத்ரிஸ் என்றால் தாய்நாடு. ஊரை விட்டு வருகிற கப்பலுக்கு அந்தப் பெயர்! அப்போது ஆலிவ் எண்ணெயை இங்கே மருந்துக் கடையில்தான், சின்னச் சின்னக் குப்பியில் வாங்க வேண்டுமாம். அதை வைத்து எப்படிச் சமைப்பது? அந்தக் குப்பியின் அளவை விரலால் காட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அம்மா. நான் வந்த முதல் வாரமே கிளேட்டனில் கறிவேப்பிலை வாங்கிவிட்டேன்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை அவர் எண்ணெயும் தொடுவதில்லை. ரொட்டி, ஆலிவ் காய், அவித்த காய்கறி, அவ்வளவுதான். ஆனால் என் தட்டில் மட்டும் தாராளமாக ஊற்றுகிறார்.

வருகிற செவ்வாய் 25-ஆம் தேதி அவர்களுக்குப் பண்டிகை, சுதந்திர தினமும் அன்றுதான். விரதத்துக்கு நடுவே அன்று மீன் உண்டு. உப்புப் போட்ட காட் மீனை நாள் முழுக்க ஊறவைத்து, மாவில் தோய்த்து பஜ்ஜி போலப் பொரித்து, பூண்டுத் துவையலோடு வைப்பார்களாம். கட்டாயம் வரச் சொல்லியிருக்கிறார்கள். செவ்வாய்தானே, சாப்பிடலாம்.

அம்மா, ஒரு வேலை செய். உன் கேசரி அளவை எழுதி அனுப்பு. "கண்ணளவு" என்று சொல்லாதே, டம்ளர் கணக்கில் எழுது. நெய் எப்போது ஊற்ற வேண்டும், எத்தனை தடவை என்பதையும் எழுது. யாயாவுக்குக் கிண்டிக் கொடுக்கப் போகிறேன். ஏப்ரல் 20 ஈஸ்டர், அதற்கு முன்னால் அவர் நெய் தொடமாட்டார். அதனால் அவசரமில்லை, ஆச்சியிடமும் ஒரு தடவை கேட்டுவிட்டு எழுது.

அன்பு மகள்