ஆறிய பிறகு மூடு

நாகர்கோவில்
மார்கழி 12

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. பொங்கலுக்கு உன் அலுவலகத்தில் கொடுக்க 30 பெட்டி முந்திரிக்கொத்து செய்யப் போகிறாய் என்று அவர்தான் சொன்னார். பாகுப் பதத்தையும் அவரிடமே கேட்டிருக்கிறாய். அவருக்கு அது எப்படித் தெரியும், மக்களே?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நன்றாக ஆறிய பிறகுதான் பெட்டியை மூட வேண்டும். மேலே தொட்டால் சூடு தெரியாது, உள்ளே பூரணத்தில் இருக்கும். மூடியதும் அது வியர்த்து மேல்மாவு நமத்துவிடும். இன்று பொரித்தால் நாளைக் காலையில் அடுக்கு. தீபாவளிக்கு நீ அனுப்பியதில் அடியில் இருந்த 3 உருண்டைகள் அப்படித்தான் ஆகியிருந்தன.

தேங்காய்த் துருவலைச் சிவக்க வறு. வெள்ளையாக எடுத்துவிட்டால் நாலாம் நாளே பூசணம் பிடிக்கும். கருப்பட்டிப் பாகைத் துணியில் வடிகட்டு, இல்லையென்றால் மண் கடிபடும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் சர்க்கரை கலந்ததைக்கூட அந்தப் பெயரில் விற்பவர்கள் உண்டு. அங்கே பெங்களூரில் வாங்காதே, நான் அனுப்புகிறேன். சிறுபயற்றை வாசம் வரும்வரை வறுத்துத் தோல் போகப் புடைத்துக்கொள். மூன்று மூன்றாக மாவில் முக்கி எண்ணெயில் விடு. ஒன்றோடொன்று ஒட்டி வந்தால்தான் அது கொத்து. நீ அனுப்பிய நாலு கொத்தும் பெங்களூரிலிருந்து இங்கே வந்து சேரும்வரை பிரியவில்லை. ஆச்சியின் கை உனக்கு வாய்த்திருக்கிறது. எனக்கு இன்றும் சில நாள் எண்ணெயிலேயே பிரிந்துவிடும். இதை நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

செய்தித்தாளை உள்ளே விரிக்காதே, எண்ணெய் பட்டால் மை ஒட்டும். பட்டர் பேப்பர் போடு. செய்த தேதியை எழுது. எள் சேர்த்திருந்தால் அதையும் எழுது, ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள். ஆறிய பிறகு மூடு.

தீபாவளிக்கு நீ அனுப்பிய பெட்டியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வெளிர்பச்சை அட்டைப் பெட்டி, சணல் கயிறு, கயிற்றில் ஒரு சீட்டு. "பெட்டிக்குப் போட்ட காசைக் கருப்பட்டிக்குப் போட்டிருக்கலாம்" என்று சித்தியிடம் நான் சொன்னது போனில் உனக்குக் கேட்டிருக்கும். "எங்கள் அம்மா சொல்லித்தந்தது" என்று அந்தச் சீட்டில் எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகுதான் அப்படிச் சொன்னேன், செல்வி. படிக்காமல் சொல்லியிருந்தால்கூட என் மனது கொஞ்சம் ஆறும். அடியில் நமத்திருந்ததைப் பார்த்துச் சித்தி ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று பயந்து நானே முந்திக்கொண்டேன். அவள் முன்னால் உன்னை விட்டுக்கொடுத்துவிட்டேன்.

நீ ஏழாம் வகுப்பு படித்தபோதும் இதையேதான் செய்தேன். தாத்தா முடைந்த ஓலைப்பெட்டியில் சில்லுக்கருப்பட்டி வைத்து, மூடியில் சிவப்பு ரிப்பன் கட்டி டீச்சருக்குக் கொண்டுபோகக் கிளம்பினாய். ஓலைப்பெட்டியைப் பார்த்தால் நம்மை இல்லாதவர்கள் என்று நினைப்பார்களே என்று எவர்சில்வர் டப்பாவில் கொட்டிக் கொடுத்தேன். அந்த ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டே நீ பஸ் ஏறினாய். இப்போது இரவில் படுத்தால் அந்த விரல்தான் கண்ணில் நிற்கிறது.

மணப்பாட்டில் சாயம் போடாத ஓலைப்பெட்டி 30 சொல்லி வைத்திருக்கிறேன். கருப்பட்டியையும் சேர்த்து இந்த வாரமே அனுப்புகிறேன். வந்ததும் ஒரு நாள் வெயிலில் காயவை. உன் அட்டைப் பெட்டிதான் வேண்டும் என்றால் அதிலேயே வை. அது அழகாகத்தான் இருந்தது. சணல் கயிற்றையும் விட்டுவிடாதே.

பாகு வைக்கிற அன்று போன் செய். பதத்தை எழுதிக் காட்ட முடியாது. நாலரைக்கே விழித்துவிடுவேன். அப்பாவின் போனுக்கு வேண்டாம், என் போனுக்குக் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா